மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டர்

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதில் பெரிய கஷ்டம் என்னவென்றால், யாரும் கஷ்டப்படுத்துவதில்லை என்பதுதான். மதுகேஷ் இதை வெளியில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மைசூர் சரஸ்வதிபுரத்தில் நல்ல காற்று வரும் வீடு. மூன்று வேளையும் சுடச்சுடச் சோறு. ‘போதும் அத்தை’ என்று கையைக் குறுக்கே வைத்தாலும் விரலிடுக்கு வழியாக நெய்யை ஊற்றிவிடும் மாமியார் கிரிஜம்மா. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்னதான் வேண்டும்? கொழுப்பு என்பார்கள்.

பெங்களூரில் அவன் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவனையும் குறைத்துவிட்டது. லேப்டாப் கம்பெனியுடையது, வேலையோடு அதுவும் போயிற்று. “ஒரு மாசம் வந்து இருங்க மாப்ளே, அதுக்குள்ள வேற வேல கெடச்சிடும்” என்று மாமனார் நரஹரி ராவ் சாமான் ஏற்ற வண்டியே அனுப்பிவைத்தார். அந்த ஒரு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை. இது அவனும் மனைவி சுப்ரபாவும் அங்கே பார்க்கும் இரண்டாவது தசரா.

ஒன்றாம் தேதி குளித்துவிட்டு வந்தால், ஆணியில் தொங்கும் அவன் சட்டைப் பையில் கொஞ்சம் பணம் இருக்கும். யார் வைத்தது என்று யாரும் சொல்வதில்லை. முதல் மாதம் அவன் வாயைத் திறந்து கேட்டுவிட்டான். “என்ன பணம்?” என்று மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே திருப்பிக் கேட்டார். அதோடு சரி. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அறிமுகம் மட்டும் அமர்க்களமாக நடக்கும். “நம்ம மாப்ளே. இப்ப எங்ககூடத்தான். எங்களுக்கும் வயசாச்சில்ல, வீட்ல ஒரு ஆம்பள ஆள் வேணுமே.” சுத்தப் பொய். ஃபியூஸ் போடுவது முதல் தேங்காய் உரிப்பது வரை அந்த வீட்டில் எல்லாம் நரஹரி ராவ்தான். மதுகேஷ் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினால், “வேர்க்குதா மாப்ளே?” என்று அடுத்த அறையிலிருந்து குரல் வரும். அந்த ‘வேர்க்குதா’வைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும். எங்கே ஓடுவது?

ஓடுவதற்கு ஓர் இடத்தை அவனும் சுப்ரபாவும் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். ராமகிருஷ்ண நகரில் ஒரு மாடி வீடு. ஒரே படுக்கையறை, சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் திரும்ப முடியும். ஆனால் கூடத்தில் ஒரு நீளமான வெறும் சுவர் இருந்தது. சுப்ரபா அந்தச் சுவரைக் கையால் அளந்து பார்த்தாள். “இங்க பொம்மைக்கு அஞ்சு படி வைக்கலாங்க. நம்ம ராஜா ராணி மேல் படில.” கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்வீட்டார் கொடுத்தனுப்பும் மரப்பொம்மை ஜோடி அது. புருஷன் வீட்டுக்குப் போய் அங்கே தசராக் கொலுவில் அமர வேண்டியது. சுப்ரபாவின் ராஜாவும் ராணியும் பெங்களூர் போய்விட்டு, அவளைப் போலவே பிறந்தவீட்டுக்குத் திரும்பி வந்து, கிரிஜம்மாவின் ராஜா ராணிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன.

மாடி வீட்டுக்காரி சாவித்ரம்மா கறாரானவள். “விஜயதசமி வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கப்புறம் நான் பொறுப்பில்ல. வேல இல்லாதவங்களுக்கு வீடு குடுத்து எனக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் ஆயிடுச்சு” என்று மதுகேஷின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். சுப்ரபா நர்சரிப் பள்ளியில் வாங்கும் சம்பளத்தில் அந்த வீட்டின் படிக்கட்டைக்கூட வாடகைக்கு எடுக்க முடியாது.

அப்போதுதான் அந்த வேலை கண்ணில் பட்டது. ஏதோ வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி. அவர்களுக்கு வரும் ஆஸ்பத்திரிக் காகிதங்களை வீட்டிலிருந்தே சரிபார்க்க வேண்டும். சம்பளம் நன்றாக இருந்தது. ஆனால் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதில் இன்னது இன்னது இருக்க வேண்டும் என்று கல்யாணச் சீர் கேட்பது போலக் கேட்டிருந்தார்கள். எட்டு ஜிபி ராம். வேகமான டிஸ்க். புது வின்டோஸ். கேமரா. அவர்களே ஒரு சோதனை மென்பொருள் அனுப்புவார்கள். அது மெஷினைத் தோண்டித் துருவிப் பார்த்துப் பச்சை டிக் கொடுத்தால்தான் பரீட்சை எழுதவே விடுவார்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. வேலை செய்யப்போகும் வீடு சொந்தமா, வாடகையா, பிறருடையதா? மூன்று கட்டங்கள். மதுகேஷின் விரல் ‘பிறருடையது’ என்பதன்மேல் போய் நின்றது. எதற்கு இவர்களுக்கும் இது தெரிய வேண்டும்? ஊருக்கெல்லாம் தெரிந்தது போதாதா? ‘சொந்தம்’ என்பதைத் தட்டினான்.

“எங்கப்பா வீட்டையா சொந்த வீடுன்னு போடறீங்க?” என்றாள் பின்னால் நின்ற சுப்ரபா.

“மாமனார் வீடுன்னு ஒரு கட்டம் வெச்சிருந்தா அதையே தட்டியிருப்பேன். இல்லையே!”

“எனக்கென்ன, தட்டுங்க. அப்பா கேட்டா சந்தோஷப்படுவார்.”

வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் மைத்துனன் ஸ்ரீவத்ஸனுடையது. அவன் எஞ்சினியரிங் சேர்ந்தபோது நரஹரி ராவ் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. பையன் படித்து முடித்து, அமெரிக்கா போய், அங்கே வீடும் வாங்கிவிட்டான். மெஷின் மட்டும் அவன் அறையிலேயே, கிரிஜம்மா பூவேலை செய்த உறையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நரஹரி ராவ் தினமும் மஞ்சள் துணியால் அதைத் துடைப்பார். பட்டனை அமுக்கிவிட்டுப் பல் தேய்த்து, காபி குடித்து, பேப்பரில் ராசிபலனும் பார்த்துவிட்டு வந்தால் திரை வெளிச்சமாகியிருக்கும். சில நாள் அதுவும் இல்லை.

புது லேப்டாப் விலையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்ட மதுகேஷ், இந்தக் கிழத்தையே தேற்றுவது என்று முடிவு செய்தான். சயாஜிராவ் ரோட்டுக்குப் பின்னால், ஒரு சந்தில் முஜீப் என்பவரின் பழைய சாமான் கடை இருந்தது. கழற்றிக் கொண்டுபோன பழைய ராமை முஜீப் இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“எந்தக் காலத்து போர்டு சார் இது? இதுக்கு ராம் தேடறதும் எங்க தாத்தாவுக்குப் பொண்ணு தேடறதும் ஒண்ணு. கெடைக்கும். ஆனா ரெண்டாம் தாரமாத்தான் கெடைக்கும்.”

“பரவால்ல, குடுங்க.”

“ஒண்ணு மாத்தினா ஒண்ணு இழுக்கும் சார். அப்புறம் முஜீப் முன்னாடியே சொல்லலன்னு வரக்கூடாது.”

இழுத்தது. எட்டு ஜிபியைச் சொருகினால், உள்ளே இருந்த பழைய வின்டோஸ் மூன்று ஜிபிக்குமேல் எனக்கு எண்ணத் தெரியாது என்றது. புது வின்டோஸைப் போட்டால், பழைய ஹார்ட் டிஸ்க் மாவாட்டும் சத்தத்தோடு திணறியது. கையில் பணம் இல்லை. ஒன்றாம் தேதி வரை காத்திருந்தான். சட்டைப் பையில் இருந்ததை எடுத்துப் போய் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கை வாங்கி வந்து மாட்டினால், கருகிய வாசனை வந்து எல்லாம் அணைந்தது. பவர் சப்ளை போய்விட்டது. அடுத்த ஒன்றாம் தேதி. மாமனாரின் பணத்தை எடுத்து மாமனாரின் கம்ப்யூட்டருக்கே போட்டுக்கொண்டிருக்கிறோம், அதுவும் மாமனார் வீட்டை விட்டுப் போவதற்காக! இதை நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, அவமானமாக இருந்தது.

நரஹரி ராவோ, ஒவ்வொரு முறை மூடியைக் கழற்றும்போதும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“மெதுவா மாப்ளே, மெதுவா. வத்ஸா இத பூ மாதிரி வெச்சிருந்தான்.”

“நானும் பூ மாதிரிதான் மாமா கழட்டறேன்.”

“இல்ல, ஸ்க்ரூவ அழுத்தறீங்க. குடுங்க இப்படி.”

பிடுங்கிக்கொண்டு அவரே கழற்றுவார். ஒருநாள் புது ராமில் ஒன்று வேலை செய்யவில்லை. மதுகேஷ் பென்சில் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மாமனார் அமெரிக்காவுக்கே வீடியோவில் கூப்பிட்டுவிட்டார். “பாருடா, உன் கம்ப்யூட்டர அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சுட்டார் உங்க அத்தான்!”

“அந்த டப்பாவத் தூக்கிப் போடுங்க அத்தான்” என்றான் ஸ்ரீவத்ஸன், சாப்பிட்டுக்கொண்டே. “நான் ஒரு லேப்டாப் ஆர்டர் பண்றேன். ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடும்.”

“வேண்டாம் வத்ஸா. இதுவே போதும்.”

“இதுல என்ன இருக்கு அத்தான்?”

ஸ்ரீவத்ஸனுக்கு ஒன்றும் இல்லைதான். மாமனார் சோறு, மாமியார் நெய், இனி மைத்துனன் லேப்டாப் என்றால் மிச்சம் மதுகேஷ் என்று எது இருக்கிறது? “இது ரெடி ஆயிடுச்சு” என்று புளுகிவிட்டு, ரப்பர் தூளை வாயால் ஊதி ராமை மறுபடி சொருகினான். அதிர்ஷ்டம், இந்தத் தடவை எடுத்துக்கொண்டது. பட்டனை அமுக்கிக் கையை எடுப்பதற்குள் திரை பளிச்சென்று வந்தது. “அட! வத்ஸா இருந்தப்பகூட இப்படி ஓடல!” என்று நரஹரி ராவ் கை தட்டினார். மதுகேஷுக்கு முதல் தடவையாக அந்த வீட்டில் நெஞ்சு நிமிர்ந்தது. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியை மட்டும் மாட்ட முடியவில்லை, மாட்டினால் சூடாகிவிடுகிறது. அது திறந்த வயிறோடு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக ஒரு மலிவான கேமராவையும் வாங்கி மாட்டினான். சோதனை மென்பொருள் எல்லாவற்றுக்கும் பச்சை டிக் கொடுத்தது. பரீட்சை தேதியும் வந்தது. பார்த்தால், மகாநவமி அன்று பன்னிரண்டு மணிக்கு.

“ஆயுத பூஜை அன்னிக்கா?” என்று சுப்ரபா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அன்னிக்கு அப்பா கத்திரிக்கோலக்கூடத் தொட விடமாட்டாரே!”

நாளை மாற்ற முடியுமா என்று எழுதிக் கேட்டான். முடியாது என்று அப்போதே பதில் வந்தது. அவர்கள் ஊரில் அது சும்மா ஒரு புதன்கிழமை.

இதற்கு நடுவில் பொம்மைகள் வேறு வந்து இறங்கிவிட்டன. அந்த வீட்டில் வழக்கமாகப் பொம்மை வைப்பதே ஸ்ரீவத்ஸன் அறையில்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவர் முழுக்கப் படிகள். கீழே செட்டியாரும் செட்டிச்சியும், யானைகள், பெங்களூர் விமான நிலையம், தசரா ஊர்வலம். மேல் படியில் கலசம். அதற்கு இந்தப் பக்கம் கிரிஜம்மாவின் ராஜா ராணி, அந்தப் பக்கம் சுப்ரபாவின் ராஜா ராணி. வைத்த பொம்மையை விஜயதசமி இரவு படுக்கவைக்கும் வரை அசைக்கக் கூடாது. கம்ப்யூட்டரையும் அசைக்க முடியாது; இணைய வயர் அந்த மேசையோடு நின்றுவிடுகிறது.

மகாநவமி காலையில் மிக்ஸி, அரிவாள்மணை, சுத்தியல், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு, நரஹரி ராவ் மஞ்சள் குங்குமத் தட்டோடு கம்ப்யூட்டரிடம் வந்தார். திறந்திருந்த வயிற்றுக்குள் ஈரச் சந்தனத்தோடு அவர் கை போவதை மதுகேஷ் கடைசி நொடியில்தான் பார்த்தான்.

“மாமா! உள்ள வேண்டாம்! உள்ள வேண்டாம்!”

“ஏன்? புதுசாப் போட்டதெல்லாம் உள்ளதான இருக்கு. அதுக்குப் பொட்டு வைக்காம டப்பாவுக்கு வெச்சு என்ன பிரயோஜனம்?”

“எரிஞ்சு போயிடும் மாமா. வெளியிலயே வைங்க, காலப் பிடிக்கறேன்.”

“சரி சரி, காலெல்லாம் எதுக்கு?” என்று அவர் வெளியிலேயே வைத்தார். விசைப்பலகைக்கு ஒன்று, மௌஸுக்கு ஒன்று, திரைக்கு மூன்று. செவ்வந்திச் சரத்தைச் சுற்றினார். கற்பூரம் காட்டினார். பிறகு, தயங்கித் தயங்கி, “மாப்ளே, பூஜையில வெச்சத இன்னிக்குத் தொடக் கூடாது. ஆனா நீங்க எழுதறதும் சரஸ்வதி காரியந்தான். நான் சாமிகிட்டச் சொல்லிக்கறேன். நீங்க எழுதுங்க” என்றார். இவ்வளவு நல்ல மனுஷனிடமிருந்து எப்படித் தப்பிப்பது? வாதாட மதுகேஷ் தயாராக வைத்திருந்த பேச்செல்லாம் வீணாயிற்று.

பன்னிரண்டு அடிக்கக் கொஞ்சம் முன்னால் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். கேமராவைப் போட்டால் திரை முழுக்க ஒரே சிவப்பு. கேமரா போய்விட்டதா? வயரைப் பிடுங்கிச் சொருகினான். சிவப்பு. அப்புறம்தான் கேமராவின் கண்ணிலேயே மாமனார் ஒரு பொட்டு வைத்திருப்பதைப் பார்த்தான். வேட்டி நுனியால் துடைத்து முடிப்பதற்குள் பரீட்சையைக் கண்காணிக்கும் பெண்ணின் குரல் வந்துவிட்டது.

“வணக்கம் சார். ரூம்ல எத்தன பேர் இருக்கீங்க?”

“நான் மட்டுந்தான் மேடம்.”

“சிஸ்டம் அஞ்சு முகம் காட்டுதே. உங்களுக்குப் பின்னால நாலு பேர் நிக்கறாங்க.”

மதுகேஷ் திரும்பிப் பார்த்தான். மேல் படியில் இரண்டு ராஜாக்களும் இரண்டு ராணிகளும், பெரிய கண்ணைத் திறந்து, அவன் தோளுக்குமேல் பரீட்சையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது பொம்மைங்க மேடம். ராஜா ராணி. தசராவுக்கு வைக்கறது.”

“வெளியில எடுத்து வெச்சிடுங்க சார்.”

“நாளைக்கு ராத்திரி வரைக்கும் அசைக்கக் கூடாது மேடம்.”

“அப்ப நீங்க வேற எடத்துக்குப் போயி எழுதுங்க.”

வேறு இடத்துக்குப் போகத்தான் அம்மா இத்தனை பாடும் என்று அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. “அஞ்சு நிமிஷம் தர்றேன் சார். அதுக்குமேல சிஸ்டமே உங்கள வெளிய தள்ளிடும்” என்று அவள் கேமராவை நிறுத்திவைத்தாள்.

கட்டிலிலிருந்து படுக்கை விரிப்பை உருவினான். செட்டியாரும் யானையும் விமான நிலையமும் சேர்த்து மூடினான். மேல் படிக்கு எட்டவில்லை. விரிப்பு கலசத்துக்குக் கீழேயே நின்றது. மேலே நாலு தலைகள் அப்படியேதான் இருந்தன. கலசத்தின்மேல் துணியைப் போட அவனுக்குக் கை வரவில்லை. நாற்காலிமேல் ஏறினான். ஒரு நிமிஷம் யோசித்தான். படுக்கவைத்தால் தசரா முடிந்தது என்று அர்த்தம். இன்னும் நாள் இருக்கும்போதே முடித்துவைப்பது எந்த வீட்டிலும் யாரும் செய்யாத காரியம். வேறு வழியில்லை. முதலில் சுப்ரபாவின் ஜோடியைப் படுக்கவைத்தான். பிறகு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மாமியாரின் ஜோடியையும்.

கதவு திறந்தது. கையில் பாசிப்பருப்புக் கோசம்பரித் தட்டோடு கிரிஜம்மா நின்றாள். பரீட்சைக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று கொண்டுவந்தவள். மாப்பிள்ளை நாற்காலிமேல் நிற்கிறான். அவள் முப்பத்தைந்து வருஷமாக வைத்துவரும் பொம்மைகள் படுக்கை விரிப்புக்குள் கிடக்கின்றன. அவளுடைய கல்யாண ராஜா ராணி மல்லாந்து கிடக்கிறார்கள்.

“அத்தை, கேமராவுல... முகம் தெரியுதாம்... விடமாட்டேங்கறாங்க...” என்று அவன் குழறினான்.

அவள் கத்தியிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘எங்க சோத்தத் தின்னுட்டு எங்க பொம்மையவே சாய்ச்சியா’ என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், அவனும் ரோஷத்தோடு அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பான். கிரிஜம்மா தட்டைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. ஒரு மூலையில் நழுவிக்கொண்டிருந்த விரிப்பை இழுத்து, விழாமல் யானையின் காலுக்கடியில் செருகினாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில், பொம்மை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அவள் சொல்வது கேட்டது. “சாயங்காலமா வாங்கம்மா. உள்ள மாப்ளே வேலையா இருக்கார்.”

அவன் எழுதினான். மெஷின் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. முஜீப்பின் இரண்டாம் தாரத்து ராமும், இரண்டு ஒன்றாம் தேதிப் பணமும் சேர்ந்ததில், அது பக்கத்துக்குப் பக்கம் பறந்தது.

மறுநாள் விஜயதசமி. ஊர்வலம் பார்க்க நரஹரி ராவ் டி.வி. முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஃபோன் வந்தது. கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள். உங்களை எடுத்தாகிவிட்டது, வாழ்த்துகள், திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம் என்றாள். மதுகேஷுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுப்ரபா அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். ‘சாவித்ரம்மாவுக்கு ஃபோன் பண்ணட்டுமா’ என்று சைகையில் கேட்டாள். அவன் பெருமையோடு தலையாட்டிக்கொண்டே ஃபோனில் கேட்டான்.

“மேடம், நான் அடுத்த வாரம் வீடு மாத்தறேன். புது அட்ரஸ யாருக்கு அனுப்பணும்?”



“வீடு மாத்தறீங்களா? சொந்த வீடுன்னு போட்டிருக்கீங்களே சார்.”

“ஆமா, அது... அதுவும் இருக்கும். இது ஒரு வசதிக்கு.”

“அது முடியாது சார். மத்தவங்களோட ஆஸ்பத்திரி விவரமெல்லாம் உங்க மெஷினுக்கு வருது. பரீட்ச எழுதின அதே மெஷின், அதே லைன், அதே ரூம். அது அப்படியே பதிவாயிடுச்சு. அதனாலதான் வாடகை வீட்டுக்காரங்கள நாங்க எடுக்கறதே இல்ல. உங்களுக்கு மேல மார்க் வாங்கின ரெண்டு பேர அதுக்காகவே விட்டுட்டோம்.”

“எவ்வளவு நாளைக்கு மேடம்?”

“வேலைல இருக்கற வரைக்கும் சார். திரையில ஒப்புதல் வந்திருக்கும். சாயங்காலத்துக்குள்ள தட்டிடுங்க. இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

ஃபோனை வைத்தான். சுப்ரபாவிடம் சொன்னான். அவள் கையிலிருந்த ஃபோனில் சாவித்ரம்மாவின் பெயர் திரையில் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

“சொந்த வீடு இல்ல, பொய் சொல்லிட்டேன்னு சொல்லிப் பாருங்களேன்.”

“சொன்னா வேலையும் போகும். வேல போனா அந்த வீடும் கெடையாது.”

“அப்ப வேண்டாம்னுடுங்க. வேற தேடலாம்.”

“தேடலாம். இங்கயே உக்காந்து தேடலாம். ஒண்ணாந் தேதிக்கு ஒண்ணாந் தேதி சட்டைப் பையில கைய விட்டுக்கிட்டுத் தேடலாம்.” அவன் குரல் உயர்ந்துவிட்டது. டி.வி. சத்தம் குறைந்தது. அடுத்த அறையில் மாமனார் காது கொடுக்கிறார் என்று தெரிந்து இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே வீடுதான். வேலை வேண்டுமென்றால் இந்த வீடு. வேண்டாமென்றாலும் இந்த வீடு. ஊருக்குத் தெரியக் கூடாது என்று ஒரு கட்டத்தைத் தட்டியதற்கு, அந்தக் கட்டத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். பழையபடியே அந்த மெஷின் திணறிக்கொண்டிருந்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. அதை ஓடவைத்தவன் அவன்தான். ஒவ்வொரு திருகாணியையும் தன் கையால் முடுக்கியவன். மதுகேஷ் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். செவ்வந்திச் சரம் வாடித் திரைமேல் தொங்கியது. அதை ஒதுக்கிவிட்டு, ‘சம்மதம்’ என்பதைத் தட்டினான். விரலை எடுப்பதற்குள் பச்சை டிக் வந்துவிட்டது.

“இங்கயே இருந்துதான் வேல பாக்கணுமாமே!” என்று நரஹரி ராவ் வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. “கிரிஜா, கேட்டியா? இந்த ரூம விட்டு எங்கயும் போகக் கூடாதாம். கம்பெனியே சொல்லிடுச்சு! மாப்ளே, அந்த நாற்காலி வேண்டாம், முதுகு வலிக்கும். நாளைக்கே நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்.”

“நான் வாங்கிக்கறேன் மாமா. சம்பளம் வரும்.”

“சம்பளத்த நீங்க வெச்சுக்கோங்க. நம்ம வீட்டுக்கு நாற்காலி நான் வாங்க மாட்டேனா?”

அன்று இரவு, கோவிலுக்குப் போய் வந்தபின், கிரிஜம்மாவும் சுப்ரபாவும் பொம்மைகளை எடுத்து வைத்தார்கள். மற்ற பொம்மைகளைப் பழைய வேட்டித் துண்டுகளில் சுற்றி முடித்து, கடைசியாக மேல் படிக்கு வந்தார்கள். படுக்கவைக்க வேண்டிய வேலை இருக்கவில்லை. நாலு பேரும் நேற்றிலிருந்தே படுத்துக் கிடந்தார்கள். கட்டிலுக்கடியில், மாடி வீட்டுக்குப் போவதற்கென்று சுப்ரபா தனியாக எடுத்து வைத்திருந்த தகரப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே துவைத்து மடித்த ஒரு பட்டுத் துண்டு, ராஜா ராணியைச் சுற்றுவதற்கு.

“உன் ஜோடிய எதுல வைக்கறே சுப்ரபா?” என்றாள் கிரிஜம்மா.

சுப்ரபா புருஷனைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒன்றுமில்லை.

“உன் பெட்டியிலயே வெச்சிடும்மா” என்றாள்.

கிரிஜம்மா தன்னுடைய ஜோடியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணினாள். பெட்டி கனத்துவிட்டது. பரணில் ஏற்றுவதற்கு ஒரு கை கொடுக்கலாம் என்று மதுகேஷ் எழுந்தான்.

“நீங்க உக்காருங்க மாப்ளே” என்று நரஹரி ராவ் ஓடிவந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டார். “இதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க உங்க எடத்துல உக்காருங்க.”

அவன் உட்கார்ந்தான்.